காற்று, ஆகாயம், தீ: விமுக்தி ஜயசுந்தரவின் திரைமொழி வளர்ச்சி

இலங்கைத் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1956ஆம் ஆண்டிலிருந்தே தம் கதையைத் தொடங்குவர். அவ்வாண்டில்தான் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வெளிவந்தது. தென்னிந்தியப் படப்பிடிப்புக் கூடங்களின் சீலைத் திரைகளையும் அட்டைச் சுவர்களையும் விட்டு நீங்கி, உண்மையான வெயிலுக்கும் உண்மையான வயல்வரம்புக்கும் படக்கருவி வெளியேறியது அப்படத்துடன் என்பது பலரும் ஒப்பிய கருத்து. அன்று வேரூன்றிய யதார்த்த மரபே நம் நாட்டின் தரமான திரைப்படத்துக்கு அளவுகோலாக நெடுங்காலம் நின்றது. ஒரு படம் நன்றா தீதா என வினவுவோர் 'வாழ்க்கையை உள்ளபடி காட்டுகிறதா?' என்றே வினவினர். அவ்வினா பொருந்தாத ஒரு கலைஞர் இந்நாட்டில் தோன்றியபோது நம் விமர்சனம் திகைத்தமை வியப்பன்று. விமுக்தி ஜயசுந்தர என்னும் அந்நெறியாளரின் பாணி எங்கிருந்து புறப்பட்டு எவ்வாறு மாறிற்று என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீயதார்த்தவாதம் என்று நாம் தமிழில் வழங்கும் சர்ரியலிசம், முதல் உலகப் போரின் இடிபாடுகளிலிருந்து எழுந்த இயக்கம். 1924இல் பாரிஸ் நகரில் ஆந்த்ரே பிரெத்தோன் அதன் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். பகுத்தறிவு என்று பெருமை பேசிய ஐரோப்பா தன் இளைஞரை இலட்சக்கணக்கில் பதுங்குகுழிகளில் புதைத்த பின்னர், அப்பகுத்தறிவையே ஐயுற்றவர்கள் கனவின் பக்கம் திரும்பினர். திரைப்படத்தில் இவ்வியக்கத்தின் தலைமகன் ஸ்பெயின் நாட்டவரான லூயிஸ் புனுவல். சல்வடோர் டாலியுடன் சேர்ந்து 1929இல் அவர் எடுத்த முதற்படத்தின் தொடக்கத்தில் சவரக்கத்தி ஒரு கண்ணைக் கிழிக்கிறது. பார்ப்போன் இதுவரை நம்பிவந்த பார்வையை முதலில் அறுத்தெறிவதே அவரது நோக்கம். ஆயின் புனுவல் அவ்விடத்திலேயே நின்றுவிட்டவர் அல்லர். 1933இல் தம் நாட்டின் வறிய மலைக்கிராமங்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1950இல் மெக்சிக்கோவின் சேரிச் சிறுவரைப் படமாக்கினார். முதுமையில் 1972இலும் 1977இலும் எடுத்த படங்களில் அதிர்ச்சி அடங்கி, மேட்டுக்குடியினரின் உணவு மேசையிலே கனவு அமைதியாக வந்து அமர்ந்துகொள்கிறது. கத்தியில் தொடங்கிய பாணி புன்சிரிப்பில் முடிந்தது எனலாம்.

இவ்வாறான கனவுமொழிக்கு இலங்கையில் முன்னோடிகள் இல்லாமலில்லை. 1934இல் பசில் றைற் என்ற ஆங்கிலேயர் தேயிலைச் சந்தைப்படுத்தலின் பொருட்டு இங்கு வந்து எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' என்ற படத்தின் விவரணைக் குரல் லயனல் வென்ட் என்ற இலங்கையருடையது. பியானோ வாசிப்பிலும் நிழற்படத்திலும் வல்லவரான வென்ட் (1900-1944), இரண்டு மூன்று படச்சுருள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தியும், ஒளியைப் புரட்டிக் கருமையை வெண்மையாக்கியும் சோதனைகள் செய்தவர். 1943இல் உருவான ஓவியர் குழுவின் தூணாக நின்றவர். அப்படத்தின் மூன்றாம் பகுதியைப் பார்த்தோர் மறவார். மலைத்தோட்டத்திலே நம் பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். ஒலித்தடத்திலோ இலண்டன் சந்தையின் விலைகளும் கப்பல் செய்திகளும் ஓடுகின்றன. படத்துக்கும் குரலுக்கும் தொடர்பில்லை; ஆயினும் அத்தொடர்பின்மையே உண்மை நிலை. ஓர் இறாத்தல் தேயிலைக்கு அங்கே சொல்லப்படும் விலை இங்கே பறிக்கும் கைக்குத் தெரியாது. யதார்த்தம் சொல்லத் தயங்கியதை இரு பொருந்தாப் பொருள்களின் சேர்க்கை சொல்லிவிட்டது. மாத்தளையில் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த இக்கட்டுரையாளருக்கு மீயதார்த்தம் என்பது ஐரோப்பியரின் ஆடம்பரம் அன்று என்ற எண்ணம் முதன்முதலில் தோன்றியது அந்தச் சில நிமிடங்களைக் கண்டபோதுதான்.

இடைக்காலத்தில் குறிப்பிடவேண்டியவர் தர்மசேன பத்திராஜ. நம் பேராதனை வளாகத்தின் பழைய மாணவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1977இல் 'பொன்மணி'யைத் தமிழிலேயே எடுத்தவர். அவரது 'அஹஸ் கவ்வ' (1974), 'பம்பரு அவித்' (1978) ஆகியன நகர்ப்புற வேலையற்ற இளைஞரையும் மீனவக் கரையோரத்தையும் அரசியற் கண்ணோடு நோக்கிய படைப்புகள். அத்தகைய சமூக யதார்த்தவாதியே 2014இல், தம் எழுபது வயதுக்கு மேல், கப்காவின் உருமாற்றக் கதையைத் தழுவி 'ஸ்வரூப' என்ற படத்தை உருவாக்கினார். மனிதன் பூச்சியாகிவிடும் கதைக்கு வந்துசேர அவருக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. 2018 சனவரியில் அவர் மறைந்தார். அவர் சென்றடைந்த அந்த இடத்திலிருந்துதான் விமுக்தி ஜயசுந்தர புறப்பட்டார் என்பதைக் கருதும்போது, இடைப்பட்ட ஆண்டுகள் இந்நாட்டில் எத்தகையனவாக இருந்தன என்பது விளங்கும்.

விமுக்தி பிறந்தது 1977இல். 'பொன்மணி' வெளிவந்த அதே ஆண்டில். இரத்தினபுரியைச் சேர்ந்தவர். பூனே திரைப்படக் கல்லூரியிலும் பின்னர் பிரான்சின் லு பிரெனுவா கலை நிலையத்திலும் பயின்றார். அவரது முதல் முயற்சி கனவன்று. 'நிஹண்ட தேசய' என்ற கறுப்பு வெள்ளை ஆவணப்படம். 'மௌன தேசம்' என்று அதனைத் தமிழாக்கலாம். போரில் உறுப்பிழந்த படையினரே அதன் பொருள். புனுவல் கனவிலிருந்து ஆவணத்துக்குச் சென்றவர். இவரோ ஆவணத்திலிருந்து கனவுக்கு வந்தவர். இவ்வேறுபாட்டை அற்பமென ஒதுக்கலாகாது. இவரது பிற்காலக் கற்பனைகள் யாவற்றினும் அடியில் வெட்டுண்ட உடல் ஒன்று கிடக்கிறது. அது கற்பனையில் உதித்ததன்று, மருத்துவ விடுதிகளில் நேரிற் கண்டது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. போரும் இல்லை, சமாதானமும் இல்லை என்று மக்கள் பேசிக்கொண்ட அக்காலத்தில் உருவானதே 'சுளங்க எனு பிணிச'. 'காற்று வரும்பொருட்டு' என்பது அதன் பொருள். 2005ஆம் ஆண்டு கான் விழாவில் முதற்பட நெறியாளருக்குரிய கமெரா டோர் விருதை, அமெரிக்கரான மிராண்டா யூலையுடன் பகிர்ந்து, அது பெற்றது. இலங்கைப் படமொன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதற்றடவை. இருபத்தெட்டு வயது இளைஞருக்கு இது சிறிய காரியம் அன்று.

அப்படத்திலே கதை என்று சொல்ல அதிகமில்லை. மரமற்ற பாழ்வெளி, தனித்து நிற்கும் ஒரு வீடு, அண்மையில் ஒரு காவலரண். ஊர்க்காவற்படையைச் சேர்ந்த அனுர அங்கே காவலிருக்கிறான். எதற்கு எதிராகக் காவல் என்பதற்கு விடையில்லை, ஏனெனில் பகைவன் ஒருவனும் படம் முழுவதும் வருவதில்லை. அவன் மனைவி வேறொருவனை நாடுகிறாள். உடன்பிறந்தவள் அவ்வீட்டின் இறுக்கத்தில் வாடுகிறாள். முதிய காவலாளி ஒருவர் சிறுமியொருத்திக்குக் கதை சொல்கிறார். வெளியிலே கவசவண்டி ஒன்று காரணமின்றி வந்து, தன் பீரங்கிக் குழலைத் திருப்பிப் பார்த்துச் செல்கிறது. ஓரிரவு படையினர் அனுரவை எழுப்பிக் கொண்டுபோய், கோணிக்குள் கட்டப்பட்ட ஒருவனை அடித்துக் கொல்லும்படி பணிக்கின்றனர். உள்ளே இருப்பவன் யாரெனக் காணாமலே அவன் அடிக்கிறான்.

சன்ன தேசப்பிரியவின் ஒளிப்பதிவு இவற்றைத் தூரத்திலிருந்து, அசையாது நின்று, நெடுநேரம் பார்க்கிறது. மனிதர் சட்டத்தின் ஓரத்தில் சிறு புள்ளிகளாக நிற்க, வானமே சட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. உரையாடல் மிகச் சொற்பம். ருஷ்ய நெறியாளர் தார்க்கோவ்ஸ்கியின் சாயல் இதிலுண்டு என்றோர் உளர், மறுப்பதற்கில்லை. எனினும், தார்க்கோவ்ஸ்கியின் நீண்ட காட்சிகள் இறைவனைத் தேடுவன. விமுக்தியின் நீண்ட காட்சிகளோ ஒரு குண்டு விழுமோ விழாதோ என்று காத்திருப்பன. போர்நிறுத்தத்தின் காலம் அவ்வாறே நகர்ந்தது. இவ்விடத்து மீயதார்த்தம் என்பது விந்தைக் காட்சி எதனையும் புகுத்துவதன்று. காரணத்தை மட்டும் படத்திலிருந்து நீக்கிவிடுவது. காரணம் நீங்கினால் நிகழ்ச்சிகள் தாமே கனவாகிவிடுகின்றன.

இப்படம் தாயகத்தில் வரவேற்கப்படவில்லை. போர்வீரரை இழிவுபடுத்துவதாக இராணுவ வட்டாரத்தினர் கண்டித்தனர். பத்திரிகைகளில் சூடான விவாதம் எழுந்தது. அக்கண்டனத்தில் உள்ள ஒரு முரண் கவனிக்கத்தக்கது. படத்தில் தமிழர் எவரும் வரவில்லை, போராளி எவரும் வரவில்லை, போர்க்களமும் வரவில்லை. ஆனாலும் அது போரைப் பற்றிய படம் என்பது எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. இல்லாமையைக் கொண்டு ஒன்றைச் சொல்லமுடியும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதே ஆண்டு செப்தெம்பரில் வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் 'அஹசின் வெட்டெய்' திரையிடப்பட்டது. 'ஆகாயத்திலிருந்து விழுகிறது' என்பது தலைப்பு. முதற்படத்தில் அசையாது நின்ற பாணி இங்கே ஓடத் தொடங்குகிறது. இளைஞன் ஒருவன் வானிலிருந்து விழுகிறான். நகரத்தில் கலவரம், தொலைத்தொடர்புக் கோபுரம் தாக்கப்படுகிறது, கடைகளின் தொலைக்காட்சிப் பெட்டிகள் தெருவில் உடைபடுகின்றன. அயல்நாட்டுப் பெண்ணொருத்தியைக் காப்பாற்றிக்கொண்டு அவன் நாட்டுப்புறத்துக்கு ஓடுகிறான். அங்கே பழங்கதை ஒன்று குறுக்கிடுகிறது: கொலைக்கு அஞ்சி மரப்பொந்தில் மறைந்த இளவரசனின் கதை. போகப்போக அவ்விளைஞன் தான் கேட்கும் கதைக்குள்ளேயே வாழ்கிறானோ என்ற ஐயம் நமக்கு எழுகிறது. நேற்று எது, நாளை எது என்பது தெரியாமற் போகிறது.

மகாவம்சம் பயின்றோர் இவ்விளவரசனை அடையாளம் காண்பர். தன் மாமன்மாரைக் கொன்று அரசாள்வான் எனச் சோதிடர் சொன்னமையால் பிறப்பிலிருந்தே வேட்டையாடப்பட்ட பாண்டுகாபயனே அவன். குளமொன்றில் சிறுவரோடு நீராடும் வழக்கமுடைய அவன், கொலைஞர் வந்தபோது நீருக்குள் மூழ்கி, நீரடியில் வாயுள்ள மரப்பொந்தினுள் புகுந்து உயிர் தப்பினான். வந்தோர் கரையிற் கிடந்த ஆடைகளை எண்ணிப் பார்த்து, அங்கிருந்த சிறுவர் அனைவரையும் கொன்று, வேலை முடிந்ததென அறிவித்தனர். ஒரு குறிப்பிட்ட இளைஞன் வேண்டும். அவன் யாரெனத் தெரியாது. ஆகவே அவ்வயதினர் எல்லோரையும் கொல். அரசு ஒன்றின் இத்தருக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்று படம் வாய்திறவாமல் சொல்கிறது. 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையின் சிங்கள இளைஞர் காணாமற் போன காலத்தை நினையாது இப்பகுதியைப் பார்த்தல் இயலாது.

மாத்தளையார் அவ்வாறு பார்த்தல் அறவே இயலாது. இப்படம் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து, 2012 நவம்பரில், மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயுக் கிடங்கு ஒன்று அமைக்க நிலத்தை அகழ்ந்தபோது எலும்புகள் வெளிப்பட்டன. அகழ அகழ, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள். 1980களின் இறுதியைச் சேர்ந்தவை என்றார் தொல்லியலாளர். அன்று, அதற்கு முந்திய காலத்தவை என்றது பின்னர் அமைந்த ஆணைக்குழு. பிள்ளைகளை இழந்த தாய்மார் நீதிமன்றத்துக்கு வந்து நின்றனர். நோயுற்றோர் நலம்பெறச் செல்லும் இடத்தின் நிலத்தடியில் இத்தனை பேர். இதனை ஒரு நெறியாளர் கற்பித்திருந்தால் 'மிகை' என்று நாமே சொல்லியிருப்போம். அவ்வழியாகப் பேருந்தில் செல்லும் எவரும் அக்காலத்தில் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தனர், ஒருவரும் பேசவில்லை. விமுக்தியின் படங்களில் மனிதர் ஏன் பேசுவதில்லை என்று கேட்பவர்க்கு அப்பேருந்தையே விடையாகக் கூறலாம்.

மறைந்திருந்து மீளும் இளவரசன் என்ற கருத்தும் எம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1848 யூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவர் கண்டியரசனாக முடிசூட்டப்பட்டார். வரிகளால் வெந்த மக்கள் மாத்தளை நகருள் புகுந்தனர். இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஓகஸ்ற் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாள்களே ஆண்ட அம்மன்னரை நாடு கடத்தினர். அதே வட்டாரத்துச் சீகிரியாவில், தந்தையைக் கொன்று முடிகவர்ந்த காசியப்பன், தம்பி மீண்டு வருவானென அஞ்சிக் குன்றின்மேல் அரண்மனை கட்டினான் என்பர். (லெஸ்ரர் 1974இல் 'த கோட் கிங்' என்ற ஆங்கிலப் படத்தில் அக்கதையை ஆடை அணிகளோடு விரித்தார், அவரது படங்களுள் அது சிறந்ததன்று.) வரலாற்றை ஆடை அணிவித்துக் காட்டுவதினும், இன்றைய இளைஞன் ஒருவனின் முதுகுக்குப் பின்னால் அதனை நிறுத்துவது வலியது என்பதை இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் உணர்வர்.

எனினும் இவ்விரண்டாம் படத்தின்மீது எமக்கொரு முறைப்பாடு உண்டு. நகரக் கலவரக் காட்சியைப் பார்க்கும் தமிழர் எவர்க்கும் 1983 யூலை நினைவுக்கு வரும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் அக்கலவரத்தில் தாக்கப்பட்டது. எம் பெற்றோர் அதனை இன்னும் தாழ்ந்த குரலிலேயே சொல்வர். ஆனால் படத்தின் கலவரத்துக்கு ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. அடிப்போர் யார், அடிபடுவோர் யார் என்பதும் இல்லை. முதற்படத்தில் பெயர் சொல்லாமை அஞ்சத்தக்க ஒரு வெற்றிடமாக இருந்தது. இங்கே அது சில வேளைகளில் வசதியாகிவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான கனவு என்று ஆக்கிவிட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டுவதில்லை. விடுதி அறையொன்றில் கணினித் திரையின் முன் நெருங்கியிருந்து இப்படத்தைப் பார்த்த இரவில் எங்களுக்குள் எழுந்த வாதம் இதுவே. சிங்கள நண்பர் ஒருவர், 'பெயர் சொல்லியிருந்தால் படமே வந்திராதே' என்றார். அதுவும் மெய்யே. கனவுமொழி தணிக்கைக்குத் தப்பும் வழியாகவும் இருக்கிறது, மறதிக்குத் துணையாகவும் இருக்கிறது; எவ்விடத்தில் எது என்பதைக் காட்சி காட்சியாகப் பார்த்தே தீர்க்கவேண்டும்.

மூன்றாவது படமான 'சத்ராக்' (2011) பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. வங்கமொழியில், கொல்கத்தாவில் எடுக்கப்பட்டது. கான் விழாவின் நெறியாளர் பிரிவில் காட்டப்பட்டது. டுபாயிலிருந்து திரும்பும் கட்டடக் கலைஞன் ஒருவன், மனம் பேதலித்துக் காட்டிலே மரங்களில் உறங்கும் தன் சகோதரனைத் தேடுகிறான். காளான்களைப் போல் முளைக்கும் மாடிக்கட்டடங்கள் ஒருபுறம், காடு மறுபுறம். மரப்பொந்து இளவரசன் இங்கே பித்தனாகிவிட்டான் எனலாம். உருவகம் தெளிவாகத் தெரிவதே இதன் குறை. விடை தெரிந்த விடுகதை கனவாகாது. இந்தியாவில் இப்படம் பேசப்பட்டது பெரும்பாலும் ஒரு படுக்கையறைக் காட்சியின் பொருட்டே என்பது இரங்கத்தக்கது.

2015இல் லொக்கார்னோ விழாவின் போட்டியில் 'சுளங்க கினி அரன்' இடம்பெற்றது. 'காற்று தீயை ஏந்தி' என்று ஏறக்குறைய பொருள்கொள்ளலாம். காற்று, ஆகாயம், தீ எனத் தலைப்புக்களில் பூதங்கள் ஒவ்வொன்றாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பாணி இங்கே திட்டமாக மாறியுள்ளது. பாழ்வெளி போய்விட்டது, மருத்துவமனையும் நகரத்து இரவும் வந்துள்ளன. பகலில் உயிர்காக்கும் அறுவை மருத்துவர் இரவில் பெண்களைச் சூறையாடுகிறார். மனித உறுப்புக்களை விற்றுவாங்கும் தரகர் ஒருவர் வருகிறார். சாவின் உண்மையைத் தேடும் பிக்கு ஒருவர் நடக்கிறார். இவர்களின் கதைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் செல்கின்றன. 'நிஹண்ட தேசய'வின் உறுப்பிழந்த உடல் பதினான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் வந்துவிட்டது; இம்முறை உறுப்பைப் போர் எடுக்கவில்லை, சந்தை எடுக்கிறது. முதற்படத்தில் வன்முறை தூரத்துப் புள்ளியாக நின்றது. இங்கே படக்கருவிக்கு மிக அருகில் வந்து மூச்சுவிடுகிறது. பலர் இதனைக் கொடூரமான படம் என்று ஒதுக்கினர். புனுவல் கத்தியில் தொடங்கிப் புன்சிரிப்புக்குச் சென்றாரெனின், விமுக்தி மௌனத்தில் தொடங்கிக் கத்திக்கு வந்தவர். போர் நடந்த நாட்களில் அமைதியாக இருந்த கலை, போர் முடிந்த பின்னர் கடுமையடைந்தமை ஆராயத்தக்கது. போர்க்காலத்தில் வன்முறைக்கு ஓர் இடம் இருந்தது. அது காவலரணுக்கு அப்பால் இருந்தது. போர் முடிந்ததும் அது வீடு திரும்பி, வெள்ளை அங்கி அணிந்து, வேலைக்குச் செல்லத் தொடங்கியது. நான்காம் படத்தின் மருத்துவரை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம்.

நம் தமிழ் விமர்சகர் இப்படங்களைப் பற்றி எழுதியது குறைவு. சிங்களப் படமென்றால் அது அயலாரின் விடயம் என்ற எண்ணம் ஒரு காரணம். மௌனியின் சிறுகதையில் கனவை ஏற்கும் நாம், திரையில் மட்டும் கதையையே எதிர்பார்ப்பது மற்றொரு காரணம். அதேவேளை நெறியாளரிடமும் கேட்பதற்கு ஒன்றுண்டு. பத்திராஜ தம் தாய்மொழியல்லாத தமிழில், யாழ்ப்பாணத்து மண்ணில் நின்று ஒரு படம் எடுத்தார். விமுக்தியும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் படம் எடுத்தவரே. அவர் கடல் கடந்து வங்கம் வரை சென்றார். இந்நான்கு படங்களில் எதனிலும் தமிழ் பேசும் மனிதர் ஒருவர் சட்டத்தின் நடுவே வந்து நின்றதில்லை. 'சுளங்க எனு பிணிச'வின் கோணிக்குள் கிடந்தவனுக்கும் முகம் காட்டப்படவில்லை.